சிறுத்தை வந்த பாதை

போர் விமானத்தின் மூக்கிலும் லேபர் கேம்ப்பின் சுவரிலும் ஒரே ஆசைதான் தீட்டப்பட்டிருக்கிறது: சொந்தமில்லாத இடத்தில் சொந்த அடையாளம்.

மாட்டுங்கா ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் ஒரு தமிழ்நாடு, மேற்கே நடந்தால் இன்னொரு தமிழ்நாடு. கிழக்கில் கிங்ஸ் சர்க்கிள். கோயில், பூக்கடை, வாழை இலை, ஃபில்டர் காபி என்று குமாஸ்தா வேலைக்கும் வங்கி வேலைக்கும் வந்தவர்கள் அமைத்துக்கொண்ட ஊர். மேற்கில் 1915-ல் தொடங்கிய ரயில்வே பணிமனையின் நீண்ட மதில். அதைக் கடந்து வடக்கே போனால், தாராவியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது மாட்டுங்கா லேபர் கேம்ப்.

கேம்ப் என்றால் நாலு நாள் தங்கிவிட்டுப் போகிற இடம். இங்கே வந்தவர்கள் போகவில்லை. நகராட்சித் துப்புரவு வேலைக்கும், ஆலைகளுக்கும், தோல் பதனிடும் கிடங்குகளுக்கும் ஆள் தேவைப்பட்ட காலத்தில் மகாராஷ்டிரத்தின் வறண்ட கிராமங்களிலிருந்தும், குஜராத்திலிருந்தும், வட இந்தியாவிலிருந்தும், திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலோர் ஊரில் சேரிக்காரர்கள். ஆகவே இங்கே ஒரே சந்தில் மராத்தியும் இந்தியும் தமிழும் காதில் விழும். மூன்றுக்கும் பொதுவான வணக்கம் ஒன்று உண்டு: ஜெய் பீம்.

வெளியாள் கண்ணில் முதலில் படுவது நீலம். கொடியில், வளைவில், கதவில், படிக்கட்டில், தண்ணீர் டிரம்மில்கூட நீலம். நீலக் கோட்டும் கையில் புத்தகமுமாக அம்பேத்கர். பக்கத்தில் கண்மூடிய புத்தர். அசோகச் சக்கரம். தேர்தல் காலத்து மிச்சமாக ஒரு யானை. அவற்றுக்கிடையே, நகம் விரித்துப் பாயும் கரிய சிறுத்தை.

மும்பையில் நிஜச் சிறுத்தைக்குப் பஞ்சமில்லை. போரிவிலியில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலிருந்து இறங்கி அவ்வப்போது குடியிருப்புகளுக்குள் எட்டிப்பார்க்கும். ஆனால் லேபர் கேம்ப் சிறுத்தை அந்தக் காட்டிலிருந்து வந்ததல்ல. அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து வந்தது. வந்த வழியைப் பார்க்கும் முன், எதற்காக ஒருவர் சுவரிலோ இயந்திரத்திலோ ஒரு மிருகத்தை வரைந்துவைக்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கேள்விக்கு இரண்டாம் உலகப் போரின் விமான தளங்களில் விதவிதமான விடைகள் கிடைக்கின்றன.

போர் விமானம் அரசாங்கச் சொத்து. அதில் ஏறுகிற இளைஞனுக்கு அது சொந்தமில்லை. அடுத்த வாரம் உயிரோடு இருப்பது நிச்சயமில்லை. ஆனாலும் அதற்கு ஒரு பெயர் வைத்தான், மூக்கில் ஒரு படம் எழுதினான். ஆஸ்திரேலிய விமானப் படையின் கிட்டிஹாக் ஒன்றின் பெயர் 'பாலி'. நியூ கினியில் போரிட்ட 75-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த அந்த விமானம் இன்று கான்பெராவில் உள்ள போர் நினைவகத்தில் நிற்கிறது. ஜெர்மனி மீது குண்டு வீசப்போன 460-வது ஸ்குவாட்ரனின் லங்காஸ்டர் விமானம் 'ஜி ஃபார் ஜார்ஜ்' அதே நினைவகத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியர்களின் 467-வது ஸ்குவாட்ரனில் பறந்த 'எஸ் ஃபார் ஷுகர்' லண்டன் அருங்காட்சியகத்தில். அதன் மூக்கில் போய் வந்த தாக்குதல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிக் குண்டு வீதம் வரிசை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். கூடவே, எந்த எதிரி விமானமும் ஜெர்மன் எல்லைக்குள் பறக்காது என்று கோரிங் அடித்த வீம்பும் எழுதப்பட்டிருக்கிறது. குண்டு வரிசைக்குப் பக்கத்தில் அந்த வாக்கியமே கேலியாகிவிடுகிறது.

இதற்கெல்லாம் மேலிடத்து உத்தரவு கிடையாது. ஸ்குவாட்ரனுக்கென்று முறையான சின்னம் தனியாக உண்டு. பிரிட்டிஷ் விமானப் படையில் அதற்கு மன்னரின் ஒப்புதல் வேண்டும். மூக்கில் எழுதுவது வேறு சமாச்சாரம். தூரிகை பிடிக்கத் தெரிந்த ஒரு சிப்பாய், மீந்துபோன பெயிண்ட், ஓர் ஏணி போதும். அதிகாரிகள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டார்கள்.

இந்தியப் பணமும் இந்த விளையாட்டில் உண்டு. போருக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயரைப் பிரிட்டன் தன் ஸ்குவாட்ரன்களுக்கு வைத்தது. 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு 'மதறாஸ் மாகாணம்' என்ற பெயர். 129-வது மைசூர் ஸ்குவாட்ரனின் சின்னம் மைசூர் அரசின் இரட்டைத் தலை கண்டபேருண்டப் பறவை. 152-வது ஹைதராபாத் ஸ்குவாட்ரனுக்கு நிஜாமின் தலைப்பாகை. கொடுத்தவரின் மகுடம் காகிதத்தில் சின்னமாக ஏறியது.

அந்த 152-வது ஸ்குவாட்ரன் 1943 இறுதியில் இந்தியாவுக்கு வந்து பர்மா போர்முனைக்குப் போனது. அங்கே அதன் ஸ்பிட்ஃபயர் விமானங்களின் பக்கவாட்டில் இருந்தது தலைப்பாகை அல்ல. இந்தப் போர்முனையில் பறந்த விமானங்களின் வட்டச் சின்னத்தில், ஜப்பானியரின் செஞ்சூரியனோடு குழம்பக் கூடாது என்பதற்காக, சிவப்பை எடுத்துவிட்டு நீலத்தை மட்டும் வைத்திருந்தார்கள். அந்த நீல வட்டத்தின் மேல் பாய்வதுபோல ஒரு கரிய சிறுத்தை. மன்னர் கொடுத்த சின்னம் ஒன்று, பறந்தவர்கள் எடுத்துக்கொண்ட சின்னம் வேறு. நீலத்தின் மேல் கறுப்புச் சிறுத்தை லேபர் கேம்ப் சுவரை நினைவூட்டும். ஆனால் இரண்டுக்கும் உறவு கிடையாது. உறவு கொண்டாட வேண்டியது படம் பரவிய விதத்தில்.

சுறா வாயை எடுத்துக்கொள்ளலாம். விமானத்தின் மூக்கில் பல்வரிசையோடு திறந்திருக்கும் அந்த வாயை ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களில் தீட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த பிரிட்டனின் 112-வது ஸ்குவாட்ரன் 1941-ல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் தன் டோமாஹாக் விமானங்களில் வரைந்துகொண்டது. 1942 தொடக்கத்தில் அதற்குத் தலைமை ஏற்றவர் கிளைவ் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலியர். அந்த விமானத்தின் புகைப்படம் ஒரு பத்திரிகையில் வந்தது. பர்மாவில் பயிற்சியிலிருந்த அமெரிக்கத் தன்னார்வ விமானிகள் அதைப் பார்த்தார்கள். 'பறக்கும் புலிகள்' என்று பிறகு உலகம் அழைத்த அவர்களின் விமானங்களிலும் சுறா வாய் வந்தது. எதிரியிடமிருந்து ஒருவர், அவரிடமிருந்து இன்னொருவர். நடுவில் ஒரு பத்திரிகைப் பக்கம்.

விளையாட்டாக இல்லாத வண்ணமும் உண்டு. அமெரிக்க ராணுவம் அப்போது கறுப்பர்களைத் தனிப் பிரிவுகளில்தான் வைத்திருந்தது. கறுப்பு விமானிகளின் 332-வது பிரிவு தன் விமானங்களின் வாலைச் சிவப்பாக்கியது. பிரிவுக்கு ஒரு நிறம் என்ற சாதாரண ராணுவ அடையாளம்தான். ஆனால் கறுப்பனுக்கு விமானம் ஓட்ட வராது என்று சொல்லிக்கொண்டிருந்த ராணுவத்தில் அந்தச் சிவப்பு வால் தலைநிமிர்வாகிவிட்டது. தரையில் கறுப்பர்களின் 761-வது டாங்கிப் படை சிறுத்தையைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டது. 1944-லிருந்து 1945 வரை 183 நாள் ஐரோப்பாவில் போரிட்டது. அதற்கான ஜனாதிபதி விருது 1978-ல்தான் கிடைத்தது.

இங்கே, அதே போர்க் காலத்தில், லேபர் கேம்ப்பின் நிறம் நீலமல்ல, சிவப்பு. சாங்லி மாவட்டத்து வாடேகாவ் கிராமத்தில் மாங் சாதியில் பிறந்து பிழைப்புத் தேடி பம்பாய் வந்த அண்ணாபாவ் சாத்தே, கேம்ப்பில் கம்யூனிஸ்ட் தொழிலாளர்களோடு சேர்ந்தார். ஸ்டாலின்கிராட் போரைப் பற்றி அவர் கட்டிய போவாடா பாட்டு தொழிலாளர் கூட்டங்களில் புகழ்பெற்றது. பள்ளிப் படிப்பு இல்லாத ஒரு மனிதர், பார்க்காத ரஷ்ய நகரத்தின் சண்டையை, சிவாஜியின் வீரத்தைப் பாடும் மெட்டில் பாடினார். 1944-ல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரோடு அவர் அமைத்த கலைக்குழுவின் பெயரே ஒரு சின்னம்தான்: 'லால் பாவ்டா', செங்கொடி. நாசிக் பக்கத்திலிருந்து பத்து வயதில் கேம்ப்புக்கு அத்தை வீட்டுக்கு வந்துசேர்ந்த பாபுராவ் பாகுல், பிற்பாடு மராத்தி தலித் இலக்கியத்தின் முன்னோடியானார்.

தலித்துகளுக்கு ராணுவச் சின்னமும் அந்தப் போரில்தான் கிடைத்தது. பல ஆண்டு ஒதுக்கலுக்குப் பிறகு 1941-ல் மகர் ரெஜிமெண்ட் அமைக்கப்பட்டது. அதன் தொப்பிச் சின்னத்தில் கொரேகான் தூண் இருந்தது. 1818 ஜனவரி 1-ம் தேதி பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மாண்ட மகர் வீரர்களின் பெயர்கள் பொறித்த தூண். பிற்பாடு தூண் போய்க் குத்துவாள் வந்தது. தொப்பியிலிருந்து இறங்கிய தூண் மக்களின் நினைவிலிருந்து இறங்கவில்லை. ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் மும்பையின் தலித் குடியிருப்புகளிலிருந்து கொரேகானுக்குக் கூட்டம் போகிறது.

சுதந்திர இந்தியா படங்களை வாக்குச்சாவடிக்குக் கொண்டுவந்தது. 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். ஆகவே முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னம். அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கு யானை. அந்த யானையோடு பம்பாய் வடக்குத் தொகுதியில் நின்ற அம்பேத்கர், தாம் எழுதிய அரசியல் சட்டத்தின் கீழ் நடந்த முதல் தேர்தலிலேயே தோற்றார். யானை தோற்றது, சுவரில் இருந்து அழியவில்லை.

அமெரிக்காவிலும் எழுத்தறிவின்மைதான் ஒரு மிருகத்தைப் பிறப்பித்தது. அலபாமாவின் லவுண்ட்ஸ் கவுண்டியில் நூற்றுக்கு 80 பேர் கறுப்பர்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. உரிமை கிடைத்ததும் தனிக் கட்சி தொடங்கினார்கள். கட்சி என்றால் வாக்குச்சீட்டில் ஒரு படம் வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அங்கே ஆளும் ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். இவர்கள் அட்லாண்டாவின் கிளார்க் கல்லூரி விளையாட்டு அணியின் சின்னமான சிறுத்தையை எடுத்துக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். 1966 நவம்பர் தேர்தலில் தோற்றார்கள். ஆனால் சிறுத்தை அதற்குள் கலிபோர்னியாவின் ஓக்லண்டுக்குப் போய்விட்டது. ஹ்யூயி நியூட்டனும் பாபி சீலும் அக்டோபரில் தொடங்கிய இயக்கத்துக்குக் கருஞ்சிறுத்தைக் கட்சி என்று பெயர்.

அமெரிக்கக் காட்டில் கருஞ்சிறுத்தை கிடையாது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழ்கிற சிறுத்தையின் கரிய உருவம் அது. சகியாத்ரி மலையிலும் உண்டு. தங்கள் நாட்டில் இல்லாத மிருகத்தைத் தேர்ந்தெடுத்தவர்களிடமிருந்து அது இருக்கிற நாட்டுக்கு வந்துசேர்ந்தது. மீண்டும் நடுவில் ஒரு பத்திரிகை. 'டைம்' போன்ற ஏடுகளில் கருஞ்சிறுத்தைகளைப் பற்றி வாசித்த பம்பாயின் மராத்தி இளைஞர்கள் 1972-ல் 'தலித் பாந்தர்' அமைப்பைத் தொடங்கினார்கள். நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே, அர்ஜுன் தாங்ளே என்று பாதிப் பேர் கவிஞர்கள், மீதிப் பேர் எழுத்தாளர்கள்.

அவர்களைக் கொதிக்கவைத்த ஆவணத்துக்குத் தமிழ்ப் பெயர் உண்டு. தீண்டாமைக் கொடுமைகளை ஆராய்ந்த மத்தியக் குழுவின் தலைவர், சிதம்பரம் வட்டாரத்தைச் சேர்ந்த எல். இளையபெருமாள். அவர் குழு அடுக்கிய வன்கொடுமைகளின் பட்டியல் 1970-ல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதைப் படித்தவர்களுக்கு மனுக் கொடுக்கும் அரசியலில் நம்பிக்கை போய்விட்டது. 1972 ஆகஸ்டில், சுதந்திர வெள்ளிவிழாவின்போது, ராஜா தாலே 'சாதனா' இதழில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்: தேசியக் கொடியை அவமதித்தால் அபராதம் 300 ரூபாய், தலித் பெண்ணை நிர்வாணப்படுத்தினால் 50 ரூபாய். மராட்டியமே அதிர்ந்தது. ஒரு துணிக்குக் கிடைக்கிற மரியாதை ஒரு மனுஷிக்குக் கிடைக்காதா என்று கேட்டவர்களைக் கொடியை இழிவுபடுத்தினார்கள் என்றே பலரும் ஏசினார்கள்.

மாட்டுங்காவுக்குப் பக்கத்தில்தான், வடாலாவின் சித்தார்த் விகார் விடுதியில், பாந்தர்கள் கூடிப் பேசினார்கள். 1974 ஜனவரியில் வோர்லியில் மூண்ட கலவரத்தில் பாகவத் ஜாதவ் என்ற பாந்தர் இளைஞர் கொல்லப்பட்டார். அதே ஆண்டு இயக்கம் பிளந்தது, 1977-ல் கலைக்கப்பட்டது. ஐந்தே வருட ஆயுள். அதற்குள் சிறுத்தை பம்பாயின் தலித் குடியிருப்புகளில் ஏறிவிட்டது. பாரதிய தலித் பாந்தர் என்ற பெயரில் இன்னோர் அமைப்பு தொடர்ந்தது.

அங்கிருந்துதான் சிறுத்தை தெற்கே ரயில் ஏறியது. 1982-ல் மதுரையில் மலைச்சாமி அதன் தமிழகக் கிளையைக் கட்டினார். 1989-ல் அவர் மறைந்ததும், மதுரையில் அரசுத் தடய அறிவியல் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தொல். திருமாவளவன் பொறுப்பேற்றார். 1990-ல் நீலமும் சிவப்பும் நட்சத்திரமுமாகப் புதுக் கொடி ஏறியது. 'தலித் பாந்தர்' தமிழில் 'விடுதலைச் சிறுத்தைகள்' ஆனது. திருமாவளவன் 2009, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் வென்றது சிதம்பரத்தில். இளையபெருமாளின் வட்டாரத்தில் தொடங்கிய ஒரு வட்டம், அலபாமாவையும் பம்பாயையும் சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து முடிந்தது.

சிறுத்தை மும்பைக்குத் திரும்பியும் வந்தது, இம்முறை தமிழ் பேசிக்கொண்டு. தாராவியிலும் லேபர் கேம்ப்பிலும் உள்ள தமிழர்களிடையே விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஆதரவாளர்கள் உண்டு. மராத்திக்காரர் வீட்டுப் பையனுக்கு அது தசாலின் பாந்தர். பக்கத்துத் தமிழர் வீட்டுப் பையனுக்கு ஊரிலிருந்து வந்த சிறுத்தை. இது முதலில் இங்கிருந்து அங்கே போனது என்று இருவருக்குமே தெரியாமல் இருக்கலாம். ஏப்ரல் 14-ம் தேதி ஊர்வலத்தில் அது ஒரு பொருட்டும் அல்ல.

ஒரு வேடிக்கை: வாக்குச்சீட்டுக்காகப் பிறந்த இந்த மிருகம் இந்தியாவில் வாக்குச்சீட்டில் ஏற முடியாது. புதிதாக எந்தக் கட்சிக்கும் விலங்குச் சின்னம் கொடுப்பதைத் தேர்தல் ஆணையம் நிறுத்திவிட்டது. யானை பழைய பாத்தியதையில் நிற்கிறது. விடுதலைச் சிறுத்தைகளுக்குக் கிடைத்தது பானை. ஆக, சிறுத்தைக்கு இருக்கிற இடம் கொடியும் சுவரும்தான்.

சுவருக்கும் ஆபத்து வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் அனுமதியின்றிச் சுவரில் எழுதுவது 1995-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட வேகமாகத் தூரிகையை விரட்டியது ஃப்ளெக்ஸ் பேனர். ஒரு நாள் முழுக்க ஏணியில் நின்று பெயிண்டர் எழுதிய யானையைக் கம்ப்யூட்டர் கடை அரைமணியில் அச்சடித்துத் தருகிறது. கையால் வரைந்த சிறுத்தைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது: ஒன்றுக்கு வால் நீளம், ஒன்றுக்குப் பூனை முகம். அச்சடித்த சிறுத்தைகள் எல்லாம் ஒரே சிறுத்தை.

அடுத்து புல்டோசர். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2022 ஏலத்தில் அதானி குழுமத்துக்குப் போனது. 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. தகுதி உள்ளவர்களுக்கு 350 சதுர அடி வீடு என்பது வாக்குறுதி. யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்பதுதான் சந்துகளில் இப்போது பேச்சு. குழாயும் கழிப்பறையும் உள்ள வீட்டை வேண்டாம் என்பவர் யாருமில்லை. ஆனால் அடுக்குமாடியின் வெளிச்சுவர் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. அதில் என்ன வண்ணம் என்பதைச் சங்கமும் ஒப்பந்தக்காரரும் முடிவு செய்வார்கள்.

போர் முடிந்ததும் ஆஸ்திரேலியாவின் விமானங்களுக்கும் இதுதான் நேர்ந்தது. ஜார்ஜும் பாலியும் நினைவகத்துக்குப் போனார்கள். மற்றவை திறந்த வெளியில் வரிசையாக நின்று, பழைய இரும்பு வியாபாரிகளிடம் எடைக்குப் போய், உலையில் உருகின. கூடவே பெண்களும் பிசாசுகளும் சுறாக்களும் உருகிப்போயின. யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த இளைஞர்கள் வீடு திரும்பிவிட்டார்கள்; அவர்களுக்கு அந்தப் படத்தின் தேவை தீர்ந்துவிட்டது.

லேபர் கேம்ப்பில் தேவை தீரவில்லை. மழைக்காலம் சுவரைக் கழுவிவிட்டுப் போகும். டிசம்பர் 6-ம் தேதி தாதர் சைத்யபூமிக்குப் போகிற கூட்டத்துக்கு முன்னாலும், ஏப்ரல் 14-க்கு முன்னாலும், யாராவது ஒருவர் நீலப் பெயிண்ட் டப்பாவைத் திறப்பார்.